திறப்பு யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வவுணதீவுப் பக்கத்தில் வயல்களையும் தண்ணீர் முறையையும் மேற்பார்க்கும் வட்டவிதானைமாருக்காக நாங்கள் ஏழு பேர் மூன்று வருடமாக ஒரு கைபேசிச் செயலி செய்து வருகிறோம். எந்தக் கண்டத்தில் (வயற்பிரிவில்) யாருக்கு எத்தனை ஏக்கர், தண்ணீர் முறை எந்த நாள், வாய்க்கால் துப்புரவுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் அவரவர் போனில் பதிவாகும். நிரல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிற்ஹப் தளத்தில், யாரும் பிரதியெடுத்து மாற்றவிடும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் இருக்கிறது. போன மாதம் ஒரு நிறுவனம் இந்தப் பதிவுகளைச் சேர்வரில் திரட்டித் தங்களுக்குத் தரும்படி கேட்டது. இதைத் தொடங்கிய அண்ணன் எங்களைக் கேட்காமலே ஓம் சொல்லிவிட்டார். நாங்கள் எதிர்த்துக் கதைத்ததில் அவரும் இன்னொருவரும் விலகிவிட்டார்கள். பிளே ஸ்டோர் கணக்கும் டொமைன் என்ற இணைய முகவரியும் அவருடைய பெயரில்தான். தன் நிரலை நீக்கிவிடும்படியும் சொல்கிறார். எங்களில் சிலர் வேறு பெயரில் தனியே போவோம் என்கிறார்கள். சித்திரையில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். என்ன செய்யலாம்?

வாசகர், வவுணதீவு

அன்புள்ள தம்பி,

கேட்காமல் ஓம் சொன்னது பிழைதான். வயல்காரரின் பதிவு வயல்காரருடையது. ஏழு பேரும் கூடி முடிவெடுத்தாலும் அதை வெளியாருக்குக் கொடுக்க உங்களுக்கு உரித்தில்லை. ஆனால் அந்த வழக்கை இப்போதே தீர்க்கப் பார்க்காதீர்கள். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. பதிவெல்லாம் அவரவர் போனில் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அன்ட்ரொயிட்டில் ஒரு செயலியின் உள்சேமிப்பை இன்னொரு செயலி தொடமுடியாது. செயலியின் அடையாளமான பழைய பக்கேஜ் பெயரை, உரிமையாளர் கைமாற்றாமல், பிளே ஸ்டோர் வேறு கணக்குக்குத் தராது. அதனால் நீங்கள் தனியே போனால் அது புதிய செயலியாகத்தான் இறங்கும். வட்டவிதானை அதைத் திறந்தால் ஒன்றும் இராது. மூன்று வருடக் கணக்கு பழையதற்குள் கிடக்கும். போனில் இடம் போதவில்லை என்று பழையதை அழித்தால் பதிவும் அதோடு போகும்.

ஆகவே முதல் வேலை, பழைய செயலியிலேயே இன்னும் ஒரு பதிப்பு வெளியிடுவது. அதில் 'பதிவை வெளியே எடு' என்று ஒரேயொரு பொத்தான். அமத்தினால் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பொன்று உருவாகி வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடியதாக இருக்கவேண்டும். கோப்பை யூடிஎப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில், தொடக்கத்தில் அதை அடையாளம் காட்டும் பிஓஎம் குறியோடு எழுதுங்கள். அந்தக் குறி இல்லாவிட்டால் எக்செல் தமிழ்ப் பெயர்களைக் குழப்பிவிடும். அந்தப் பதிப்பில் வேறு எதையும் தொடாதீர்கள். சண்டை பிடித்துப் போனவர் ஐந்து நிமிடத்தில் வாசித்து, உள்ளே ஒரு சூதும் இல்லையென்று கண்டுகொள்ளக்கூடிய அளவில் மாற்றம் இருந்தால் அவர் மறுப்பது கடினம். கணக்கையே தரும்படி இப்போது கேட்கவும் வேண்டாம். செயலியை வெளியிடும் தளமான பிளே கொன்சோலில் உங்களில் ஒருவருக்குப் பதிப்பு வெளியிடும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

கணக்கு மாற்றம் அதற்குப் பிறகு. செயலியை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்ற கூகிளில் முறை இருக்கிறது. பயனாளர்களும் மதிப்பீடுகளும் கூடவே வரும். ஆனால் கோரிக்கையை இப்போதைய உரிமையாளர்தான் அனுப்பவேண்டும். பதிப்பு உண்மையானதென்று ஒப்பமிடும் டிஜிட்டல் திறப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 2021 ஆகஸ்டுக்குப் பின் வந்த புதிய செயலிகளுக்கு அது கூகிளிடமே இருக்கும். அவர் அடியோடு மறுத்து, புதிதாகத்தான் தொடங்கவேண்டி வந்தால் நாட்களை எண்ணிப் பாருங்கள். புதிய தனிநபர்க் கணக்குக்குப் பதிவுக் கட்டணம் 25 டொலர். செயலியைப் பொதுவில் விடமுன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்கவேண்டும். சித்திரைக்குத் தயாராக வேண்டுமானால் மாசிக்குள் தொடங்குங்கள்.

கட்டற்ற மென்பொருளில் நிரலுக்காகச் சண்டை பிடிக்கத் தேவையே இல்லை. அதை எல்லோரும் பிரதி எடுக்கலாம். பிரதி எடுக்கமுடியாதவற்றுக்காகத்தான் அடிபாடு வரும். பெயர், டொமைன், வெளியிடும் கணக்கு, பயனாளரின் நம்பிக்கை எல்லாம் அந்த வகை. 2010 இல் ஒராக்கிள், சன் நிறுவனத்தை வாங்கியபோது ஓபன்ஒஃபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் பெயரும் ஒராக்கிளின் கைக்குப் போனது. அதில் வேலைசெய்தவர்கள் அந்த வருடம் செப்டெம்பரில் நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரெஒஃபிஸ் என்று பிரிந்தார்கள். நிரல் முழுதாக வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. ஊரறிந்த பெயரை விட்டுவிட்டுப் புதிய பெயரை முதலிலிருந்து பழக்கவேண்டியிருந்தது.

எங்கள் பக்கக் கோயிலில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் மாறும்போதும், பள்ளிவாசலில் நம்பிக்கையாளர் சபை மாறும்போதும் திறப்பையும் கணக்குக் கொப்பியையும் எண்ணிக் கையளிப்பதுதான் முறை. அதே முறையில் ஒரு பட்டியல் போடுங்கள். கிற்ஹப், பிளே ஸ்டோர், டொமைன், சேர்வர், மின்னஞ்சல், பேஸ்புக் பக்கம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் யார், இரண்டாவது ஆள் யார், மீட்புத் தொலைபேசி இலக்கம் யாருடையது, எப்போது காலாவதியாகும் என்று எழுதுங்கள். மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கணக்கு குழுவின் பெயரில் இருக்கும், மீட்புக் குறுஞ்செய்தியோ விலகிப்போனவரின் போனுக்குப் போகும். கிற்ஹப்பில் நிரல் தனியாளின் கணக்கில் இருந்தால் குழுக் கணக்கொன்று தொடங்கி, இரண்டு உரிமையாளர்களை வைத்து, அதற்கு மாற்றித்தரும்படி கேளுங்கள். பழைய இணைப்புகள் புதிய இடத்துக்குத் தாமாகவே திரும்பும். ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்தாலும் நிரலைச் சேர்வர் எடுக்கவிடும்படி அவர் சேர்த்த டிப்ளோய் திறப்பு உயிரோடுதான் இருக்கும், அதைத் தனியாக நீக்கவேண்டும். சேர்வரில் உள்ள, தூரத்திலிருந்து உள்நுழையவிடும் எஸ்எஸ்எச் திறப்புகளும் அப்படித்தான். நீக்கப்போவதை முதலே அவருக்குச் சொல்லிவிட்டு நீக்குங்கள். சொல்லாமல் செய்தால் கள்ளனுக்குப் பூட்டுப் போட்டதுபோல் ஆகும்.

நிரலை நீக்கத் தேவையில்லை. கொடுத்த உரிமையை, நிபந்தனைகளை மீறாதவரை திரும்பப்பெற முடியாது என்று ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவர் எழுதிய வரிகளின் பதிப்புரிமை இன்னும் அவருடையது. நாளை உரிமத்தை மாற்ற நினைத்தால் அவருடைய சம்மதம் வேண்டும். கோப்புகளின் தலைப்பில் உள்ள அவருடைய பெயரையும் எடுக்கக்கூடாது.

பிரிவதில் எனக்கு இப்போது விருப்பமில்லை. பிரிவது குற்றமென்று சொல்லவரவில்லை. 2014 டிசெம்பரில் நோட்.ஜேஎஸ் என்ற கட்டற்ற மென்பொருளிலிருந்து ஐஓ.ஜேஎஸ் பிரிந்தது. ஒரு நிறுவனத்தின் கைக்குள் எல்லாம் இருப்பதுதான் மனக்குறை. நிர்வாகம் பொது அறக்கட்டளையொன்றுக்கு மாறியதும் 2015 செப்டெம்பரில் நான்காம் பதிப்பாக இரண்டும் ஒன்றாகிவிட்டன. அவர்களிடம் இரண்டு பக்கமும் ஓட ஆள் இருந்தது. நீங்கள் ஐந்து பேர்.

ஆள் குறைகிற நேரத்தில் வலிய வந்து உதவுகிறவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடாதீர்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளை ஒரே ஆள்தான் களைத்துப்போய்ப் பராமரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவரைச் சேர் என்று முன்பின் தெரியாதவர்கள் அவரை நெருக்கினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலைசெய்து நம்பிக்கை பெற்ற அந்த இன்னொருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளமாக உள்நுழையப் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரைச் செக்கன் பிந்துவதை ஒரு பொறியியலாளர் கவனித்ததால்தான் 2024 மார்ச் 29 அன்று அது வெளியே வந்தது. புதிதாக வருபவர் எழுதட்டும், இன்னொருவர் வாசித்துச் சேர்க்கட்டும். வெளியிடும் திறப்பு கடைசியாகக் கைமாறட்டும்.

இனி விதி. சண்டை நடக்கும்போது எழுதும் விதி ஒருவரைக் குறிவைத்தது போலவே வாசிக்கப்படும். அதனால் அந்த அண்ணனுக்கும் வரைவை அனுப்புங்கள். பைதன் நிரல்மொழியைத் தொடங்கிய கைடோ வான் றொஸம், ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய வாக்குவாதத்தில் மனம் நொந்து 2018 ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்தது யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஏழு முன்மொழிவுகளை வைத்து வாக்கெடுத்து, ஐந்து பேர் கொண்ட சபையை 2019 தொடக்கத்தில்தான் தெரிவுசெய்தார்கள். ஒரே முதலாளியிடம் வேலைசெய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் அதில் இருக்கமுடியாது. அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது ஒரே அலுவலகத்தவருக்கும் ஒரே வீட்டாருக்கும் பொருந்தும். றஸ்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் 2021 நவம்பரில் ஒழுங்கு பார்க்கும் குழு முழுவதுமாக விலகியது, மேலே இருந்த குழு யாருக்கும் பதில்சொல்லத் தேவையில்லாமல் இருந்ததால். அங்கே புதிய தலைமைச் சபை அமைய 2023 ஆனது.

உங்களுக்கு ஒரு பக்கம் போதும். நிரல் மாற்றத்துக்கு இன்னொருவரின் சம்மதம். வெளியாரோடு செய்யும் எந்த உடன்பாட்டுக்கும் ஏழு நாள் அறிவித்தல், பிறகு பெரும்பான்மை வாக்கு. வயல்காரரின் பதிவு சம்பந்தப்பட்டால் கமக்காரர் அமைப்பின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வாக்கெடுப்பே கிடையாது. ஆறு மாதம் வேலைசெய்யாதவரின் அனுமதி நிறுத்தப்படும், கேட்டால் திரும்பக் கிடைக்கும்.

விலகுகிறவர் எல்லோரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதிய சஹானா அனர்த்த முகாமை மென்பொருள், 2009 இல் தனி அறக்கட்டளையாகப் பதிவானது. எழுதியவர்கள் தங்கள் வேலைகளுக்குத் திரும்பினாலும் வேறு நாட்டவர்கள் அதைத் தொடர இடமிருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் பங்களித்தவர்களுக்காக கிரெடிட்ஸ் என்றொரு கோப்பே உண்டு, பராமரிப்பை விட்டவர்களின் பெயரும் அதில் இடம்பெறும். உங்கள் நிரல் களஞ்சியத்திலும் 'முன்னாள் பராமரிப்பாளர்' என்று ஒரு கோப்புத் தொடங்கி, விலகிய இருவர் என்னென்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். அதைச் சேர்த்தபிறகு அந்த அண்ணனுக்கு இப்படி அனுப்புங்கள்:

'அண்ணா, உங்களுடைய பெயரும் வேலையும் களஞ்சியத்தில் இருக்கின்றன, இருக்கும். தரவு விசயத்தைச் சிறுபோகம் முடிந்தபிறகு நேரில் இருந்து கதைப்போம். இப்போது ஒன்று மட்டும் கேட்கிறோம். வட்டவிதானைமார் தங்கள் பதிவை வெளியே எடுக்க ஒரு பொத்தான் சேர்த்திருக்கிறோம், மாற்றம் இணைப்பில் இருக்கிறது. நீங்களே வாசித்து, நீங்களே வெளியிட்டாலும் எங்களுக்குச் சந்தோசம்.'