அப்பத்தாவும் ஏற வேண்டும், அண்டாவும் ஏற வேண்டும்: சின்ன வேன் வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, வணக்கம். கண்டனூரில் இருக்கிறோம். வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு 78 வயது அப்பத்தா. சென்னையிலிருந்து பங்காளிகள் வந்தால் இரவு பல்லவன் ரயிலுக்குப் போய் அழைத்து வருவது நான்தான். படைப்பு (முன்னோர் வழிபாடு), கோவில் என்றால் அண்டா, தாம்பாளம், இலைக்கட்டு எல்லாம் என் வண்டியில்தான். இப்போது இருப்பது பத்து வயது ஹேட்ச்பேக். நாலு மீட்டருக்குள் ஒரு எஸ்யூவி பார்த்து வைத்திருக்கிறோம். எனக்கு மனசு மாருதி ஈக்கோ வேன் பக்கம் போகிறது. மச்சான், "ஸ்கூல் வேன் ஓட்டப் போறீங்களா" என்று சிரிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, மச்சான் சிரித்துவிட்டுக் காரைக்குடி போய்விடுவார், அப்பத்தாவைக் கைபிடித்து ஏற்றி இறக்கப்போவது நீங்கள். அதனால் முதலில் அவரிலிருந்தே தொடங்குவோம். சாதாரணக் காரில் ஒரு வயசாளி ஏறும்போது கவனித்துப் பாருங்கள்: தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, பள்ளத்தில் விழுவதுபோல் உட்காருவார். இறங்கும்போது அந்தப் பள்ளத்திலிருந்து முழங்காலை ஊன்றி எழ வேண்டும், வலிப்பது அங்கேதான். வேனில் சீட் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில் இருக்கிறது, கதவு பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடுகிறது, கூரை உயரம். முதலில் சீட்டில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். தரை கொஞ்சம் உயரம்தான், அதற்கு ஒரு மரப்பலகையைப் படியாக வண்டியிலேயே போட்டு வையுங்கள். என் அப்பா இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது எங்கள் பழைய ஆம்னியில்தான். பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்து, பக்கக் கதவு வழியாக மூன்று பேர் சேர்ந்து உள்ளே வைத்தோம். பக்கத்து வீட்டுப் பெரிய காரில் அது நடந்திருக்காது. அன்றிலிருந்து இந்த மாதிரி வண்டிமேல் எனக்கு இருக்கும் மரியாதை வேறு, அதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆம்னி என்றதும் சொல்லிவிடுகிறேன். 1984-இல் 'மாருதி வேன்' என்ற பேரில் வந்தது, மாருதி 800-இன் அதே 796 சிசி இன்ஜின், அதை முன் சீட்டுக்கு அடியில் வைத்து மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்த மாதிரி. கார் ஓட்டத் தெரிந்தவர் யாரும் ஓட்டலாம், காருக்குக் கிடைக்கும் இன்ஜின் சாமான் இதற்கும் கிடைக்கும், ஆனால் ஏற்றுவது காரைவிட அதிகம். இந்தக் கணக்கு நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. பிரான்சில் 1996-இல் வந்த சிட்ரோன் பெர்லிங்கோ, 1997-இல் வந்த ரெனோ கங்கூ எல்லாம் சின்னக் காரின் அடித்தளத்தை எடுத்து மேலே உயரமான பெட்டி கட்டிய வண்டிகள்தான். பகலில் கடைச் சரக்கு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் என்று அங்கே குடும்பங்கள் அதை ஓட்டுகின்றன, யாரும் சிரிப்பதில்லை.

ஆம்னி 2019-இல் நின்றுபோனது. மூக்கே இல்லாத முகம், ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அவ்வளவுதான். புதிய மோதல் பாதுகாப்பு விதிக்கு அதை மாற்றிக் கட்ட வழியில்லை. ஈக்கோவுக்குச் சின்ன மூக்கு ஒன்று உண்டு. ஆனாலும் 2016-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் காற்றுப்பை இல்லாத ஈக்கோ வாங்கியது பூஜ்ய நட்சத்திரம். 2025-இல் இருந்து ஆறு காற்றுப்பையோடு வருகிறது. அது நல்ல மாற்றம், ஆனால் காற்றுப்பை வந்ததால் வண்டியின் கூடு பலமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உயரம் 1.8 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை, சக்கரம் 13 இன்ச். கண்டனூரிலிருந்து காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் ஓட இது போதும், கடைத்தெருச் சந்தில் அந்த ஒல்லி உடம்பு வரம். திருச்சி சாலையில் 100-இல் பறந்து பஸ்ஸை ஓவர்டேக் செய்ய இது வண்டி இல்லை, காற்று அடித்தால் கையில் தெரியும். மாதத்தில் எத்தனை நாள் நீங்கள் மதுரைக்கும் திருச்சிக்கும் ஓடுகிறீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நாலு தடவைக்கு மேல் என்றால் ஈக்கோ வேண்டாம் என்றே சொல்வேன், பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறீர்கள்.

அப்படியானால் ரெனோ டிரைபர் பாருங்கள். ஒரகடத்தில் செய்கிறார்கள், 999 சிசி, நாலு மீட்டருக்குள்தான், ஆனால் மூன்றாவது வரிசை சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் 84 லிட்டர் இடம், அதாவது இரண்டு மஞ்சள் பை. மூன்றாம் வரிசையை எடுத்துவிட்டால் 625 லிட்டர். பல்லவனில் வரும் பங்காளிகளுக்கு ஏழு சீட்டு, படைப்பு நாளில் ஐந்து சீட்டு, நம் வீட்டு வாழ்க்கைக்கு இது பொருந்துகிறது. கழற்றிய சீட்டை முகப்புத் திண்ணையில் வெயில் படாமல் வையுங்கள், வளவில் (உள்முற்றத்தில்) போட்டால் பிள்ளைகள் அதில்தான் குதிக்கும். பாதுகாப்புச் சோதனையில் 2021-இல் பெரியவர்களுக்கு நாலு நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று. அது பழைய முறை, 2022-இல் சோதனையே கடுமையாகிவிட்டது, அதனால் அந்த நாலை இன்றைய வண்டிகளின் நாலோடு ஒப்பிடாதீர்கள். குறை என்றால் கதவு சாதாரணக் கீல் கதவு, சந்தில் நிறுத்தினால் பாதிதான் திறக்கும். முழுச்சுமை ஏற்றி ஏசி போட்டால் இன்ஜின் திணறும்.

நீங்கள் பார்த்து வைத்த எஸ்யூவி பற்றி ஒன்றே ஒன்று. வெளியே பெரிதாகத் தெரிவது பானெட்டும் சக்கரமும்தான், பின்கதவு வாய் குறுகல், விளிம்பு உயரம், கூரை பின்பக்கம் சரிகிறது. ஷோரூமுக்குப் போகும்போது கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். லிட்டர் கணக்கை விடுங்கள், உங்கள் வீட்டுப் பெரிய அண்டாவின் வாய் அளவை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கதவின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். அப்பத்தாவையும் கூட்டிப்போய் உட்கார வைத்து இறக்கிப் பாருங்கள், சேல்ஸ்மேன் முகம் மாறினால் மாறட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 1200 சிசிக்குள், நாலு மீட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். ஈக்கோ, டிரைபர் இரண்டும் இதில் வரும், பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

என் முடிவு: ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால் ஈக்கோ, மாதத்தில் நாலு தடவைக்கு மேல் நெடுஞ்சாலை என்றால் டிரைபர். எஸ்யூவி உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: கோட்டையூரில் பலகாரத் தொழில் செய்கிறோம். தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் டின்களை வாரம் மூன்று நாள் கடைகளுக்குக் கொண்டுபோகிறோம். வெள்ளை போர்டு வேன் வாங்கிப் பின் சீட்டைக் கழற்றிவிட்டால் போதாதா? மஞ்சள் போர்டு எடுத்தால் வீண் செலவு என்கிறார்கள்.

பதில்: போதாது ஆச்சி, இதில் நான் கறாராகவே சொல்வேன். சொந்த உபயோகக் காருக்கான இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, 'வாகனத்தை எதற்குப் பயன்படுத்தலாம்' என்ற பகுதியை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாடகைக்கு ஓட்டக்கூடாது என்பதற்குப் பக்கத்திலேயே சரக்கு ஏற்றக்கூடாது என்றும் இருக்கும், மாதிரிச் சரக்கும் சொந்த லக்கேஜும் மட்டும்தான் விலக்கு. மோட்டார் வாகனச் சட்டமும் அப்படித்தான்: சரக்குக்காகக் கட்டாத வண்டியும் சரக்கு ஏற்றும்போது சரக்கு வண்டியாகவே கணக்கு. இருபது டின் தேன்குழலோடு குன்றக்குடி வளைவில் ஒருவர்மேல் மோதிவிட்டால் அன்றைக்குத்தான் இந்த வரியின் அர்த்தம் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் வண்டிக்கான இழப்பீட்டை இழந்தது.

வாரம் மூன்று நடை என்றால் அது தொழில்தான். ஈக்கோவிலேயே சரக்குக்கென்று கார்கோ வகை இருக்கிறது, முன்னால் இரண்டு சீட், பின்னால் வெறும் மூடிய பெட்டி. உங்கள் சரக்குக்கு இந்த மூடிய பெட்டி முக்கியம், திறந்த வண்டியில் தார்ப்பாய் போட்டுப் போனால் தூசியும் ஈரமும் ஏறி தேன்குழல் நமுத்துப் போகும். மஞ்சள் போர்டு என்றால் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷாவருஷம். அந்தச் செலவு உண்டு, மறைக்கவில்லை. ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், கார் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. கல்யாண சீசனில் பெரிய ஆர்டர் வந்தால் குட்டியானை வாடகைக்கு எடுத்து அதையும் ஆர்டர் விலையில் சேர்த்துவிடுங்கள். அந்த நாலு மாதத்துக்காகப் பெரிய வண்டி வாங்காதீர்கள்.

கேள்வி: நிசான் எவாலியா டீசல் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (தேவகோட்டையிலிருந்து)

பதில்: 2012-இல் வந்து சில வருஷத்திலேயே நின்றுபோன வண்டி, எனக்கு இன்னும் வருத்தம். காரின் சொகுசும் வேனின் இடமும் ஒன்றாக இருந்தது, தரை தாழ்வு, இருபுறமும் வழுக்குக் கதவு. விலை எட்டவில்லை, முதலில் வந்ததில் நடு வரிசைக் கண்ணாடி இறங்காது, நம் வெயிலில் அதை யார் ஏற்பார்கள்? இன்ஜின் பயப்பட வேண்டியதில்லை, டஸ்டர், லோகன் வண்டிகளில் இருந்த அதே 1461 சிசி டீசல், மெக்கானிக்குகளுக்குப் பழக்கம். தொல்லை உடம்புச் சாமானில்தான்: வழுக்குக் கதவின் ரோலர், பக்கக் கண்ணாடி, பம்பர். கதவு இரண்டையும் பத்துத் தடவை திறந்து மூடுங்கள், தடத்தில் சிக்கினாலோ முழுவதும் பூட்டாவிட்டாலோ வந்துவிடுங்கள். மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டை விரலால் அழுத்திப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் பழைய ஆம்னி வாங்கும்போது புது மிதியடியைப் பார்த்து மயங்கிவிட்டேன், விற்றவர் துருவை அதற்கு அடியில் ஒளித்திருந்தார், தகடு மாற்றவே இரண்டு மாதச் சம்பளம் போனது.

கேள்வி: வீட்டு வேலைக்கு ஆத்தங்குடிக் கல் வாங்குகிறோம். ஏழு சீட்டு வேனில் நாமே ஏற்றி வந்துவிடலாமா?

பதில்: ஆர்சியில் (பதிவுச் சான்றில்) வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். கழித்துப் பாருங்கள், அதற்குள்தான் ஆளும் கல்லும் சேர்ந்து. ஏழு பேர் 65 கிலோ வீதம் என்றாலே 455 கிலோ, இந்த அளவு வண்டிகளில் அதற்குமேல் அதிகம் மிச்சம் இருக்காது. ஆத்தங்குடிக் கல் சிமென்டு, பார்க்கச் சின்னதாக இருந்தாலும் கனம். ஒரு கல்லை வீட்டுத் தராசில் நிறுத்து எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஓட்டுபவர் மட்டும் போய் உடைந்ததற்கு மாற்றாக நாற்பது ஐம்பது கல் எடுத்து வரலாம், பின் அச்சுக்கு முன்னால் தரையில் பரவலாக, செங்குத்தாக நிற்க வைத்து, இடையில் வைக்கோல் கொடுத்து. ஒரு பட்டாலைக்கு (கூடத்துக்கு) வேண்டிய கல் என்றால் லோடு வண்டி சொல்லிவிடுங்கள்.