பழைய வீட்டை வாங்குவதும் ஊர் வீட்டைக் காப்பதும்: ஒரு தம்பதியின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களுள் ஒன்றுக்கே இடம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். எழுதியிருப்பவர்கள் திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தம்பதி. காரைக்குடியில் சிதிலமடைந்த சிறிய வீடு ஒன்றை வாங்கிச் சரிசெய்து அண்மையில் விற்றிருக்கிறார்கள். இப்போது செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் முற்றமும் சுற்றுக்கட்டும் கொண்ட வீடு ஒன்றை விலை பேசி வருகிறார்கள். இதற்கிடையே, கவனிக்க நேரமில்லாமல் சொந்த ஊர் வீடு ஒழுகத் தொடங்கிவிட்டது என்றும் குறிப்பிடுகிறார்கள். அவர்களுடைய கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் பேசி வரும் வீட்டுக்குப் பதினொரு பங்காளிகள். ஒன்பது பேர் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள். இருவர் மலேசியாவில் இருக்கிறார்கள். ஒன்பது பேரிடம் இப்போது எழுதி வாங்கிக்கொண்டு, மற்ற இருவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கினால், அந்தப் பங்கு அவருக்குச் சொந்தமாகுமே தவிர, மற்றவர்களோடு சேர்ந்து வீட்டுக்குள் குடியேறும் உரிமை கிடைக்காது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பங்கைப் பிரித்துக் கேட்டு நீங்கள் நீதிமன்றம் சென்றால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாகக் குடும்பத்தினர் ஒருவர் முன்வருவதற்குப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அதற்குள் நீங்கள் கூரைக்கும் தரைக்கும் கொட்டிய பணத்துக்கு யாரிடம் கணக்குக் கேட்பீர்கள்?

மலேசியாவில் இருப்பவர்கள் நேரில் வர வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தங்கள் சார்பில் கையெழுத்திட இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை அனுப்பினால் போதும். ஆனால் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். பலர் இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

பதினொரு பேர் என்ற கணக்கே சரிதானா என்பதையும் பாருங்கள். பங்காளிகள் என்று ஊரில் எண்ணும்போது பெரும்பாலும் ஆண் வாரிசுகளைத்தான் எண்ணுகிறார்கள். பூர்விகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்பால் சம உரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989-இல் ஒரு வரம்போடும், நாடாளுமன்றம் 2005-இல் பொதுவாகவும் சட்டமாக்கின. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். திருமணமாகிச் சென்ற பெண்களின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் தொடாதீர்கள். முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்றும், நத்தம் நிலமாக இருந்தால் அதற்குரிய பட்டாவும் வேண்டும்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் சொத்து விவரத்தோடு வீட்டிலுள்ள தூண்கள், நிலைகள், கதவுகள், ஊஞ்சல் பலகை, நிலைக்கண்ணாடி ஆகியவற்றை எண்ணிக்கையோடும் புகைப்படத்தோடும் எழுதச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்ததற்கும் பத்திரம் முடிவதற்கும் இடைப்பட்ட மாதங்களில், பழைய வீடுகளின் தலைவாசல் கதவு மட்டும் தனியே விலைபோய்விடுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. செலவைக் கணக்கிடும்போது 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணத்தையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் இரண்டு நிலைகள் ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருக்கின்றன. காரைக்குடியில் பழைய மரச்சாமான் விற்பவர்கள் பர்மா தேக்கு என்று சொல்லி உயர்ந்த விலை கேட்கிறார்கள். எப்படி நம்புவது?

மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தேக்கு மரங்களை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. எனவே, புதிதாக இறக்கி அறுத்த பர்மா தேக்கு என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது, இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பழைய மரம். அது நல்ல மரமாகவே இருக்கலாம். ஆனால் சாயம் ஏற்றிய வேறு மரமாகவும் இருக்கலாம். பளபளப்பான முகப்பைப் பார்க்காமல், கண்ணில் படாத மூலை ஒன்றில் இழைப்புளியால் ஒரு சுருள் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய தேக்கில் உள்ளே பொன்னிறமும், தோல்பதனிட்டது போன்ற எண்ணெய் வாடையும் இருக்கும். சுருள் எடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அளவையும் நீங்களே போடுங்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 10 அடி நீளம், 6 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள சட்டம் 1.25 கன அடி. பழைய மரத்தில் துளை அடித்த முனைகளும் ஆணி துருப்பிடித்த பகுதிகளும் பயன்படாமல் போகும். விற்பவரோ முனையிலிருந்து முனைவரை அளப்பார். கழிவுபோக மிஞ்சும் நீளத்துக்கு மட்டும் விலை பேசுங்கள், அல்லது கழிவைக் கணக்கிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ரசீதில் மரத்தின் பெயரும் கன அடியும் எழுதப்பட வேண்டும். ‘மரச்சாமான்கள்’ என்று மட்டும் எழுதிய ரசீது, பின்னால் தகராறு வந்தால் எதற்கும் உதவாது.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் என்ற பெயரில் மிகக் குறைந்த விலைக்கும் விற்கிறார்களே?

அச்சிட்ட பீங்கான் ஓடுகளும் அந்தப் பெயரில் விற்பனையாகின்றன. உண்மையான கல் சுடப்படுவதில்லை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். கல்லின் ஓரத்தைப் பார்த்தால் வண்ணம் ஒரு படலமாக உள்ளே இறங்கியிருப்பது தெரியும். முதுகுப்புறம் சிமெண்டாக இருக்கும். கையால் செய்வதால் ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் சற்று வேறுபாடு இருப்பது குறையல்ல. தேவைக்குமேல் சிறிது கூடுதலாக ஒரே முறையில் வாங்கி வையுங்கள். அடுத்த முறை அதே நிறம் அமைவது அரிது. பதித்தபின் அமிலம் ஊற்றிக் கழுவ ஆட்களை விடாதீர்கள்.

கேள்வி: சுண்ணாம்புப் பூச்சு பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினால் செலவும் நாளும் பாதியாகும் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார்.

உங்கள் கடிதத்திலேயே எங்களுக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது என்பதால் அந்த ஈரம் சுவரின் முகத்திலிருந்தே ஆவியாகிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். சில மழைக்காலங்களுக்குப் பிறகு பூச்சு பாளம் பாளமாக விழும்போது செங்கல்லின் தோலையும் பிடுங்கிக்கொண்டு விழும். நீர் புகாது என்று விளம்பரப்படுத்தப்படும் பிளாஸ்டிக் வண்ணங்களும் அந்தச் சுவருக்கு இதே தீங்கைத்தான் செய்கின்றன. கட்டை அடுக்கிய மேல்தளம் ஒழுகுகிறது என்று அதன் மேல் கான்கிரீட் ஊற்றுவது இன்னும் மோசம். அந்தப் பாரத்தை மர உத்தரங்கள்தான் சுமக்க வேண்டும்.

உறுதியாக இருக்கும் பூச்சைத் தொடவே வேண்டாம். தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றொலி கேட்கும் இடங்களை மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பாலேயே ஒட்டுப்போடுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றும் பூச்சு எல்லாச் சுவருக்கும் தேவையில்லை. முகப்புக்கும் முற்றத்தைச் சுற்றிய வளவுக்கும் செய்தால் போதும். அதற்குத் தேர்ந்த கொத்தனார்கள் குறைவு என்பதால், ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கெஜச் சுவரில் மாதிரி பூசச் சொல்லி, அது காய்ந்தபின் பார்த்து முடிவு செய்யுங்கள். குளியலறை வேண்டுமானால் அதைப் பின்கட்டுக்கு வெளியே தனியாக, உங்கள் விருப்பப்படி சிமெண்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். பழைய அறை ஒன்றைக் குளியலறையாக மாற்றுவதை நாங்கள் விரும்புவதில்லை.

சுண்ணாம்பை வாங்குவதிலும் ஏமாற இடமுண்டு. காற்றுப் பட்டுப் பழையதான தூளுக்குப் பிடிப்பு இராது. ஒரு கரண்டித் தூளில் எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள். நுரை மிகுதியாகப் பொங்கினால் அது பழைய சரக்கு. கற்சுண்ணாம்பு வாங்கி நீங்களே நீற்றி, நீருக்கடியில் குழம்பாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது, அது கெடாது. நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம், ஆகவே கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்க வேண்டாம். ஒப்பந்தத்தில் ‘கலவையில் சிமெண்ட் சேர்க்கக் கூடாது’ என்ற வரியும், கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்கு ஒரு மழைக்காலம் முடிந்த பிறகே தரப்படும் என்ற வரியும் இருக்கட்டும்.

கேள்வி: முதல் வீட்டு வேலையில் ஓர் ஒப்பந்தக்காரர் 3 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு பாதியில் போய்விட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

வேலை நின்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு தடைகள் உண்டு. தினக்கூலிக்கு ஆளை வைத்து நீங்களே மேற்பார்த்திருந்தால் அது சட்டத்தின் பொருளில் ‘சேவை’ ஆகாது; மொத்த வேலையையும் அவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். அடுத்தது, வாங்கிச் சரிசெய்து விற்பது வணிக நோக்கம், ஆகவே நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். பிழைப்புக்காகச் சுயதொழிலாகச் செய்வோருக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. ஓய்வூதியம் பெறும் உங்களுக்கு அந்த வாதம் எளிதாக இராது. வங்கிப் பரிமாற்றச் சான்றுகளையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பிறகு வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புங்கள்.

கேள்வி: முதல் வீட்டை விற்ற லாபத்துக்கு வரி?

இருபத்து நான்கு மாதங்களுக்குமேல் வைத்திருந்து விற்றிருந்தால் அது நீண்டகால மூலதன ஆதாயம். விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறொரு குடியிருப்பு வீட்டில் அந்த ஆதாயத்தை முதலிட்டால் விலக்குக் கிடைக்கும். ஆனால் அந்தப் புது வீட்டை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் விலக்கு திரும்பப் பறிக்கப்படும். அடுத்தடுத்து வாங்கி விற்றால் இதையே தொழில் வருமானமாகவும் வரித்துறை கொள்ளலாம். ஆணையத்தில் பிழைப்புக்கான தொழில் என்றும், வரிக் கணக்கில் முதலீடு என்றும் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டு இடத்திலும் சிக்குவீர்கள். கணக்கரைக் கலந்துகொள்ளுங்கள், சுண்ணாம்பு வாங்கிய சீட்டு வரை எல்லா ரசீதுகளையும் வைத்திருங்கள்.

கேள்வி: பழைய மின்கம்பிகளை மாற்ற வேண்டுமா?

துணி சுற்றிய கம்பியும் மரப்பட்டியும் இன்னும் இருந்தால் முழுவதுமாக மாற்ற வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்த்து வாங்குங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் நல்ல நில இணைப்பும் தவிர்க்க முடியாதவை.

கேள்வி: ஊர் வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது? கரையானும் வந்திருக்கிறது.

தொகை சொல்வதைவிட வரிசை சொல்கிறோம். புது வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஊர் வீட்டின் ஓட்டைப் பிரித்து மேய்ந்துவிடுங்கள். நாட்டு ஓடு செய்பவர்கள் குறைந்துவிட்டதால், அக்கம்பக்கத்தில் இடிக்கும் வீடுகளில் உடையாத ஓடுகளைச் சொல்லி வைத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்; கூரையில் உளுத்த கைமரங்களை மட்டும் மாற்றினால் போதும். கரையானுக்கு மருந்தடிப்பவர்களிடம் மருந்தின் பெயரும் அளவும் எழுத்தில் கேளுங்கள். கட்டிய வீடுகளுக்கான நடைமுறை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரவிதியின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது, அதன்படி செய்வதாகக் கையெழுத்து வாங்குங்கள். உத்தரவாதச் சீட்டில் ஆண்டுதோறும் பணம் கட்டினால்தான் செல்லும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். வீட்டில் கிணறு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஒட்டிய சுவரில் மருந்து இறக்க விடாதீர்கள்.

கடிதம் ஆடியில் எழுதப்பட்டிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய இரண்டரை மாதம். மலேசியாவிலிருந்து பத்திரம் வந்து சேரவும் அவ்வளவு நாள் ஆகலாம். ஓடு மேய்பவரை இந்த வாரமே வரச் சொல்லுங்கள்.