மனைவி மாநாட்டில் இருக்கும் நான்கு நாளும் கோலாலம்பூரில் நான் எங்கே போவது?

கேள்வி கேட்டவர் மதுரைக்காரர். மனைவி மருத்துவர், இரட்டைக் கோபுரத்தை ஒட்டிய மாநாட்டு மையத்தில் நான்கு நாள் கூட்டத்துக்கு வருகிறார். இவரும் கூட வருகிறார். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை இவருக்கு வேலை இல்லை. ஏற்பாட்டாளர்கள் 'உடன் வருவோர் சுற்றுலா' என்று ஒரே நாளில் ஏழு இடம் காட்டும் பேருந்துப் பயணம் வைத்திருக்கிறார்களாம். அதில் சேரலாமா, தனியாகச் சுற்றலாமா என்று கேட்டிருக்கிறார்.

தனியாகச் சுற்றுங்கள். நான் இந்த ஊர்ச் செந்தூலில் பிறந்தவள், பதினெட்டு ஆண்டுகளாகச் சுற்றுலா வழிகாட்டி. மாநாட்டுக்கு வந்தவர்களின் கணவர், மனைவி, அம்மா, கைக்குழந்தையோடு மாமியார் என்று எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன். அந்த ஏழு இடப் பேருந்திலும் மைக் பிடித்து நின்றிருக்கிறேன். ஏழில் மூன்று கடைகளாக இருக்கும். ஒரு முறை மாரியம்மன் கோயிலுக்கு இருபது நிமிடம், சாக்லேட் கடைக்கு ஐம்பது நிமிடம் என்று தாளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "தீபாராதனை பார்த்துட்டு வந்திடுறேன் பிள்ளை, பத்து நிமிசம்" என்று கேட்டார். கடைக்காரர் காத்திருக்கிறார், கிளம்பு என்று எனக்கு ஃபோன் வந்துகொண்டே இருந்தது. அவரை இறக்கிவிட்ட இடத்திலிருந்தே திரும்பக் கூட்டிவந்தேன். பேருந்தில் ஏறியதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், மாலை வரை பேசவில்லை. அந்த நிறுவனத்தின் வேலையை அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஒரே திசை, ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மனைவியோடு பசியாறிவிட்டு (இங்கே காலை உணவுக்கு அதுதான் சொல்) அவர் அரங்குக்குப் போகும்போதே நீங்களும் கிளம்புங்கள். மூன்று மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடுங்கள். இந்த ஊரில் பல நாள் மாலை நேரம் இடியோடு மழை கொட்டும். மழை வந்தால் வாடகைக் கார் கிடைப்பது சிரமம், கட்டணமும் ஏறும். அதைவிட முக்கியம், அவர் ஐந்து மணிக்குக் களைத்து வருவார், ஏழு மணிக்கு விருந்து இருக்கும். அந்த இடைவேளையில் நீங்களும் கால்வலியோடு படுத்திருக்கக் கூடாது.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மாநாட்டு மையத்துக்குப் பக்கத்திலேயே கே.எல்.சி.சி. ரயில் நிலையம். அங்கிருந்து ஒரே தடத்தில் மூன்றாவது நிறுத்தம் மஸ்ஜித் ஜாமெக், நான்காவது பசார் சேனி, ஐந்தாவது கே.எல். சென்ட்ரல். நான் சொல்லப்போகும் எல்லா இடமும் இந்த மூன்று நிறுத்தங்களிலிருந்துதான். ரயில் கட்டணத்துக்கு 'டச் அண்ட் கோ' அட்டை ஒன்று வாங்கிக் கொஞ்சம் வெள்ளி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி என்றால் ரிங்கிட். தமிழர்கள் எல்லாரும் இங்கே அப்படித்தான் சொல்வோம்.

முதல் நாள் மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குங்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் முனையில் 1909-இல் கட்டிய பள்ளிவாசல் இது. கோலாலம்பூர் என்றால் சேற்று முகத்துவாரம். 1857-இல் ஈயம் தேடிப் படகில் வந்த சீனர்கள் இந்தப் பக்கம் இறங்கித்தான் காட்டுக்குள் நடந்தார்கள், பெரும்பாலோர் மலேரியாவில் செத்தார்கள். ஊர் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்கப் போவது நல்லது. அங்கிருந்து மெர்டேக்கா (சுதந்திர) சதுக்கம் நடை தூரம். பிறகு துன் எச்.எஸ். லீ சாலையில் மகா மாரியம்மன் கோயில். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை குடும்பம் தொடங்கியது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்புவது இங்கிருந்துதான். பக்கத்திலேயே சீனர்களின் குவான் டி கோயில். அங்கே ஊதுவத்திப் புகை, இங்கே சாம்பிராணி. உச்சிக்கால பூஜை வரை இருந்துவிட்டு வாருங்கள், யாரும் உங்களுக்கு ஃபோன் செய்யமாட்டார்கள்.

இரண்டாம் நாள் பத்துமலை. இதற்கு மட்டும் பசியாறக்கூட நிற்காமல் கிளம்புங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில் பத்துமலை அடிவாரத்திலேயே கொண்டுபோய் விடும், அரை மணி நேரம் ஆகும். வண்டி அடிக்கடி கிடையாது என்பதால் முதல் நாள் இரவே நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் காரில் போய்விடலாம், தூரம் அதிகமில்லை. வாசலில் நிற்கும் முருகன் 42.7 மீட்டர். 2006-இல் எழுப்பியது. படம் பார்த்திருப்பீர்கள், ஆனாலும் நேரில் கால் விரல் நகத்தைப் பார்க்கும்போதுதான் அளவு பிடிபடும். 272 படி. 2018-இல்தான் அதற்கு வண்ணம் அடித்தார்கள். எட்டு மணிக்கு முன் ஏறினால் கல் சூடாகியிருக்காது, கூட்டமும் இருக்காது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. படி குறுகல், செங்குத்து. பக்கவாட்டில் கால் வைத்துக் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.

கையில் பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். அங்குள்ள குரங்குக்குப் பை என்றால் உள்ளே தேங்காய், பழம் என்று அர்த்தம். போன மாதம் என்னோடு வந்தவர் இடுப்பருகே தண்ணீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு குட்டி மேலிருந்து இறங்கி வந்து அதை உருவியது. மூடியை அது தொடவே இல்லை. கடைவாய்ப் பல்லால் பாட்டிலின் அடியில் ஒரு துளை போட்டு, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் குடித்தது. குடித்து முடித்துப் பாட்டிலைப் படியில் உருட்டிவிட்டது. வேலைக்காரர் ஒருவர் பொறுக்கிப் போட்டார், நாள் முழுக்க அவருக்கு அதே வேலை.

மேலே குகைக்குள் போனதும் திரும்பிவிடாதீர்கள். இன்னும் சில படிகள் உள்ளே போகின்றன. பாறைக் கூரை திறந்து வானம் தெரியும் இடம் வரும். காலை வெளிச்சம் கொடிகளுக்கு நடுவே இறங்கும் அந்த இடத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். 1892-இலிருந்து இங்கே தைப்பூசம் நடக்கிறது. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து காவடியோடு வந்தவர்கள் ஏறிய காலத்தில் இந்தச் சிமெண்டுப் படி இல்லை. என் பாட்டியின் அம்மா அப்படி ஏறியவர்.

மூன்றாம் நாள் காலாற இருக்கட்டும். இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் போங்கள். இதற்குப் பசார் சேனியிலிருந்து கார் பிடித்தால் சில நிமிடங்கள். குளிர்சாதன வசதி உண்டு, கூட்டம் குறைவு. உலகப் பள்ளிவாசல்களின் சிறு மாதிரிகள், கையெழுத்துக் குர்ஆன்கள், இந்தியாவுக்கென்று தனிக் காட்சிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. துணிகள் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். பக்கத்தில் தேசியப் பள்ளிவாசல், தொழுகை இல்லாத நேரத்தில் உள்ளே விடுவார்கள். பறவைப் பூங்காவும் அதே பக்கம்தான், பிள்ளைகள் கூட வந்தால் மட்டும் சொல்வேன். மீன் காட்சியகம் மாநாட்டு மையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. மழை நாளுக்கு அது போதும்.

நான்காம் நாள் கே.எல். சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ். பலர் இதை 'லிட்டில் இந்தியாதானே, நம்ம ஊரிலேயே இருக்கு' என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. செங்கல் சூளையால் பெயர் பெற்ற இடம், பிறகு ரயில்வே தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் குடியிருந்த இடம். நடுவே போகும் சாலைக்குத் துன் சம்பந்தன் என்ற தமிழ்த் தலைவரின் பெயர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டங்களையே வாங்கியவர் அவர். வேலை போகும் என்று பயந்தவர்கள் நிலத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். அந்தச் சாலையில் நடக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

சாலையோரப் பூக்கடை ஏதாவது ஒன்றில் நின்று பேசுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் உங்களைப் போலவே ஒருவரைக் கூட்டிப் போனேன். மனைவி கண் மருத்துவர், இவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மாலை கட்டும் பாட்டி நார் நுனியைக் கால் கட்டை விரலில் மாட்டி, இரண்டு பூ, ஒரு இலை, ஒரு முடிச்சு என்று கட்டிக்கொண்டே "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். இவர் நாகப்பட்டினம் என்றதும் கை நின்றுவிட்டது. "எங்க அப்பா அங்கதான் ரஜூலா கப்பல் ஏறினாரு. நான் பார்த்ததில்ல. கடல் பக்கம் எப்படி இருக்கும்?" இவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைத்தெரு, கலங்கரை விளக்கம், மாதா கோயில் என்று சொல்லச் சொல்ல, பாட்டி அடுத்த பூவை எடுக்கவே இல்லை. அன்றைக்கு நான் போட்டு வைத்திருந்த மற்ற இடம் எதற்கும் போகவில்லை.

மதியம் அங்கேயே வாழையிலைச் சாப்பாடு. சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பாலில் (மிளகாய் விழுது) நெத்திலி இருக்கும், பல கறிகளில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். காய்கறியாகத் தெரிவதை நம்பாமல் கேட்டுச் சாப்பிடுங்கள்.

அப்புறம், இரட்டைக் கோபுரத்தில் ஏறுவதை உங்கள் நான்கு நாளில் சேர்க்கவே இல்லை, வேண்டுமென்றேதான். 41-ஆம் மாடி வான்பாலமும் 86-ஆம் மாடியும் அவரோடு பார்க்க வேண்டியவை. நாள் முழுக்க அந்தக் கட்டடத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் அவர்தான். கூட்டம் முடிந்த மறுநாள் காலைக்கு இப்போதே இணையத்தில் சீட்டு எடுங்கள். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. மலாக்கா என்ற பழைய துறைமுக ஊரும் அவரோடு பார்க்க வேண்டியதே, போக வர நான்கு மணி நேரம் ஆகும், கூடுதலாக ஒரு நாள் இருந்தால் இருவரும் போங்கள்.

உங்கள் நான்கு நாளில் எது வெள்ளிக்கிழமை என்று கீழே எழுதுங்கள். பள்ளிவாசல்களை அன்றைக்கு வைக்காமல் வரிசையை மாற்றித் தருகிறேன். மனைவியின் விருந்து எந்த இரவு என்பதையும் சொல்லுங்கள், பத்துமலையை அதே நாளில் வைக்க வேண்டாம்.