புதுச்சேரியில் தாத்தா காலத்து வீட்டை இடிக்கலாமா?

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கும் தாத்தா காலத்து வீட்டில் சுவர் பொரிந்து கொட்டுகிறது, இடித்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பங்காளிகள் நெருக்குகிறார்கள் போல. எங்களையும் நெருக்கினார்கள்.

முதலில் சுவரைப் பாருங்கள். யாராவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா? எங்கள் கூடத்துச் சுவரில் லேசாக ஈரம் ஏறியதும், சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூசினார் ஒரு மேஸ்திரி. அப்பா அவரை நம்பினார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். இரண்டாவது மழைக்காலத்தில் சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே உப்புப் பூத்தது. விரல் பட்டாலே செங்கல் மாவாய் உதிர்ந்தது. "வீடு போயிடுச்சு, வித்துடலாம்" என்றார் சித்தப்பா. சுண்ணாம்பு வேலை தெரிந்த இன்னொருவர் சிமென்டை உரித்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, திரும்பச் சுண்ணாம்பே பூசினார். பதினோரு வருஷமாகச் சுவர் நன்றாக இருக்கிறது.

1761இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரையே தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு பழைய தெருக்கோடுகளிலேயே திரும்ப எழுந்த ஊர் இது. வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியில், உயர்ந்த மதிலும் கேட்டும். நம் பக்கம் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம். கீழே மரத்தூண் வைத்துத் தமிழ் வீடு, மாடியில் வட்டத்தூணும் வளைவு ஜன்னலுமாகப் பிரெஞ்சு பாணி என்று கட்டியவர்களும் உண்டு. வைசியாள் வீதியில் அப்படிச் சீரமைத்த வரிசைக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. தாழ்வாரங்கள் ஒட்டி ஒட்டி நிற்பதால்தான் வெயிலில் நிழலோடு நடக்க முடிகிறது. நடுவில் ஒரு வீட்டை இடித்தால் அந்த நிழல் அறுந்துபோகும்.

பாரம்பரியம் பேசுகிறவன் செலவுக்குத் தருவானா என்று யாராவது வருவார்கள். நாங்களும் கடன் வாங்கித்தான் ஓடு மாற்றினோம். குழந்தை குட்டியோடு ஒழுகுகிற வீட்டில் இருங்கள் என்று நான் சொல்லவில்லை.

இதைவிட என்னை வதைப்பது தெரு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள். ஆயா நாலு படி ஏறித்தான் திண்ணைக்கு வருவார். இப்போது இரண்டு படிதான் வெளியே தெரிகிறது. ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் தாழ்வாரத்துக்குள் வருகிறது. மூன்று மனு கொடுத்தாயிற்று, பதில் இல்லை.

உங்கள் வீட்டு உத்திரங்களைத் தட்டிப் பாருங்கள். பொத்தல் சத்தம் கேட்காமல் கணீரென்று இருந்தால், சிமென்டை மட்டும் உரித்துவிட்டு, இடிக்கிற பேச்சை ஒரு கோடைக்குத் தள்ளி வையுங்கள்.