பிரித்துப் பிரித்துத் தைக்கும் கைகள்

வாசகர் கேள்விகளும் மனநல ஆலோசகரின் பதில்களும்

எடுத்த வேலையை முடிக்க விடாமல் உங்களைத் தடுப்பது எது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். சோம்பலைப் பற்றித்தான் கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கண் விழித்து உழைப்பவர்கள், ஒரு சிறு குறைகூட இருக்கக் கூடாது என்று தங்களைத் தாங்களே வாட்டிக்கொள்பவர்கள் எழுதியவை. அவற்றுள் ஐந்துக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் என் கண்ணுக்கு அதுதான் தெரியும், உடனே பிரித்துவிடுவேன். வாடிக்கையாளர் போட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் திரும்ப வாங்கிப் பிரித்திருக்கிறேன். யாராவது அதைப் பார்த்து, "இதை யார் தைத்தது?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றே மனம் ஓடுகிறது. சொன்ன தேதிக்கு ஒரு துணியைக்கூடக் கொடுக்க முடிவதில்லை. சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு பதினொரு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அந்த வீட்டிலிருந்து துணி வருவதில்லை. தொழில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தவறா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, தவறே இல்லை. கைசுத்தமாகத் தைப்பவரைத் தேடித்தான் பெண்கள் நான்கு தெரு தள்ளி நடந்து போகிறார்கள். அந்தச் சுத்தத்தை விட்டுவிடுமாறு நான் சொல்லப் போவதில்லை. ஆனால் எந்தக் குறைக்காகப் பிரிக்கிறீர்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கைக்குழி பிடிக்கிறது, தோள் இறங்குகிறது, கழுத்து தூக்கிக்கொண்டு நிற்கிறது, டாட் ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக விழுந்திருக்கிறது என்றால் பிரித்தே ஆக வேண்டும். அவை உடுத்துகிறவரின் உடம்புக்குத் தெரியும் குறைகள். லைனிங்கின் உள்மடிப்பில் தையல் ஒரு நூல் வளைந்திருப்பதோ தைத்தவரின் கண்ணுக்கு மட்டும் தெரிவது. இந்த இரண்டுக்கும் நீங்கள் ஒரே தீர்ப்பை வழங்குகிறீர்கள் என்பதுதான் சிக்கல். இதில் இன்னொன்றும் இருக்கிறது. என்னைவிட உங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். பட்டுத்துணியில் ஊசி இறங்கிய துளை, தையலைப் பிரித்த பிறகும் தடமாக நின்றுவிடும். அதே இடத்தில் மூன்றாம் முறை தைக்கும்போது துணி நைந்து, பின்னாளில் அந்த ஓரத்திலேயே கிழியும். யார் கண்ணிலும் படாத குறையை நீக்கப் போய், துணியின் ஆயுளைக் குறைத்துவிடுகிறோம்.

"இதை யார் தைத்தது?" என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கிறது. பிரிக்கும் கையை இயக்குவது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பர்ஃபெக்‌ஷனிசம் என்னும் இந்த முழுநிறைவு நாட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று. பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள், தவறினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புவது மூன்றாவது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிய தொடர்புடையது இந்த மூன்றாவது வகையே. தையலில் உள்ள பிசகைத் தன் மதிப்பின்மீது விழுந்த கறையாக எடுத்துக்கொள்ளும் மனத்துக்கு, எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் ஆறுதல் கிடைப்பதில்லை.

ஆகவே தரத்தைக் குறைக்காமல், அச்சத்தைச் சோதித்துப் பார்ப்போம். உங்கள் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு ரவிக்கையில், வெளியே தெரியாத ஓர் உள்தையல் பிசகைப் பிரிக்காமல் விட்டு, சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன்பு, "இதைப் பார்த்து இவர் இப்படிச் சொல்வார்" என்று உங்கள் மனம் சொல்வதை அப்படியே அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். பத்து நாள் கழித்து, உண்மையில் என்ன நடந்தது என்பதை அதன் எதிரே எழுதுங்கள். முதல் வாரம் கை நடுங்கும். இரவில் அந்தத் துணி நினைவுக்கு வரும். அது இயல்பு. எட்டு வாரம் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பாருங்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நாங்கள் செய்வதும் ஏறத்தாழ இதுவே. அச்சம் சொல்லும் ஆரூடத்தை வாதத்தால் மறுக்காமல், நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு மெல்ல மெல்லக் கரைப்பது.

அந்தக் கல்யாண வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு வரை ரவிக்கை கைக்கு வராமல் அந்தத் தாய் தவித்திருப்பாரே, அதுவும் அந்த ரவிக்கையின் குறைதான். சொன்ன தேதியையும் கழுத்தளவு, கையளவைப் போல ஓர் அளவாகக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய், தாமதத்துக்கு வருத்தம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: தமிழிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது ஐந்தாம் ஆண்டு. முதல் இயலை அனுப்புமாறு நெறியாளர் கேட்டு ஓராண்டாகிறது. பதினான்கு முறை திருத்தி எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான் படிக்காத நூல் ஒன்று மிச்சம் இருப்பது தெரியவருகிறது. அரைகுறையாகக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று தோன்றுகிறது.
– ஆய்வு மாணவர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, உங்கள் துறையிலிருந்தே ஒருவரை நினைவூட்டுகிறேன். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு அச்சிட்டார். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும், ஏடுகள் செல்லரித்திருக்கும். அப்படிப்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தவர் அவர். நேர்த்தியில் அவரைவிடக் கண்டிப்பானவரைக் காட்டுவது கடினம். அந்தப் பதிப்போடு வேலை முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை. மேலும் திருத்தி 1907ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். 1894ஆம் ஆண்டு அவர் பதிப்பித்த புறநானூற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பல பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே இருக்கிறது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. அதையும் அவர் 1904ஆம் ஆண்டு வெளியிட்டார். இல்லாததை இல்லை என்று சொல்லி, இருப்பதைக் கொடுத்தார். அந்த இரண்டு பாடல்களும் கிடைக்கும்வரை அவர் காத்திருந்திருந்தால், புறநானூறு இன்றும் சுவடிக்கட்டாகவே இருந்திருக்கும்.

உங்கள் பதினான்கு திருத்தங்களில் எத்தனை, இன்னொருவர் படித்துச் சொன்ன பிறகு செய்தவை? ஒன்றும் இல்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. தன் எழுத்தைத் தானே திரும்பத் திரும்பப் படிக்கும்போது, ஒரு கட்டத்துக்குப் பிறகு கண் பிழையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பயத்தையே பார்க்கத் தொடங்கும். நெறியாளர் இருப்பது முடிந்த இயலைப் பாராட்டுவதற்காக அல்ல. முடியாத இயலை முடிக்க உதவுவதற்காக. வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள், இருக்கிற வடிவிலேயே அதை அனுப்புங்கள். முதல் பக்கத்தில், "இந்த மூன்று இடங்களில் எனக்குத் தெளிவில்லை, இந்த இரண்டு நூல்களை இன்னும் பார்க்கவில்லை" என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அதை எழுதும்போதே பாதிப் பாரம் இறங்கிவிடும். இனிமேல் படிக்கும் நூல்களுக்குத் தனியாக ஒரு கோப்பு வைத்து, அவற்றை இறுதித் திருத்தத்தின்போது மட்டும் திறங்கள்.

காலத்தையும் மறக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்டத்துக்கு வைத்திருக்கும் வரம்பு, சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்க வழி உண்டு. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு எந்த விதி பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் ஆறு பேருக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். அவர்கள் எழுதும் கடிதங்களை நானே திரும்ப எழுதாமல் அனுப்ப மனம் வருவதில்லை. இரவு ஒன்பது மணி வரை நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, தணிக்கை வேலையில் எண்ணும் தேதியும் பெயரும் தவறக் கூடாது, அங்கே உங்கள் கண்டிப்பு தேவை. ஆனால் "இணைத்துள்ளோம்" என்பதை "இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று மாற்றுவதால் வாடிக்கையாளருக்கு எந்த நன்மையும் இல்லை. எழுதிய இளைஞருக்கு மட்டும், தான் எதை எழுதினாலும் அழிக்கப்படும் என்ற பாடம் கிடைக்கிறது. அடுத்த கடிதத்தை அவர் அக்கறையில்லாமல் எழுதுவார். அதைப் பார்த்து, நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று நீங்கள் முடிவுக்கு வருவீர்கள். ஒரு மாதத்துக்கு எண், தேதி, பெயர், சட்டப்பிரிவு ஆகிய நான்கை மட்டும் திருத்துங்கள். அந்தத் திருத்தத்தையும் நீங்களே செய்யாமல், இடத்தைக் குறித்து எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். போனவர்களில் ஒருவரையாவது அழைத்துப் பேச முடியுமானால், அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

கேள்வி: கதவைப் பூட்டினேனா, கேஸை மூடினேனா என்று பத்துப் பன்னிரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். பேருந்தைத் தவறவிடுகிறேன். நானும் பர்ஃபெக்‌ஷனிஸ்ட் என்று தோழிகள் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தோழிகள் அன்பாகச் சொல்லியிருப்பார்கள், ஆனால் நீங்கள் விவரிப்பது வேறு. மூடியாயிற்று என்று அறிவுக்குத் தெரிந்தும், பார்க்காவிட்டால் தாங்க முடியாத பதற்றம் வந்து, பார்த்த சிறிது நேரத்திலேயே மீண்டும் சந்தேகம் எழுவது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறியாக இருக்கலாம். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மன உறுதியால் அடக்கிக்கொள்ள வேண்டிய குணமாக இதை நினைத்து ஆண்டுகளைக் கடத்த வேண்டாம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதலில் தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்பினால், 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை கட்டணமின்றி, தமிழிலும் கிடைக்கிறது.

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு கோடு நோட்டில் ஓர் எழுத்து கோட்டைத் தாண்டினாலும் அழித்து அழித்து எழுதுகிறாள். நேற்று அழித்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. அழுதுகொண்டே பக்கத்தையே கிழித்துவிட்டாள். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் கிழித்துக் கொடுத்தவள் நான்தான்.
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: கடைசி வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நானும் இப்படி வளர்ந்தவள்தான். என் நோட்டில் பக்கங்களைக் கிழித்துக் கிழித்து, ஆண்டு முடிவில் அது பாதியாக மெலிந்து போயிருந்தது. நடுத்தாளைக் கிழித்தால் மறுபக்கத் தாளும் கழன்று வரும் என்பதால், எழுதி முடித்த பாடமும் சேர்ந்து போகும். நாற்பது வயதுக்கு மேல்தான், அன்று எனக்கு அழகைவிட அம்மாவின் முகம் மாறாமல் இருப்பதே முக்கியமாக இருந்தது என்பது எனக்கு விளங்கியது. என் அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த அன்பு அந்த வடிவில் இருந்தது. உங்களுடையதும் அப்படித்தான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை ஆய்வுகளில் பங்கேற்ற 41,641 கல்லூரி மாணவர்களின் விவரங்களைத் தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் தொகுத்துப் பார்த்தபோது, மேலே சொன்ன மூன்று வகையும் தலைமுறைக்குத் தலைமுறை கூடியிருந்தன. அவற்றுள் மிக அதிகமாகக் கூடியிருந்தது, பிறர் என்னிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள் என்ற அந்த மூன்றாம் வகை. இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், 1950களிலேயே "போதுமான அளவு நல்ல தாய்" என்ற கருத்தை முன்வைத்தார். குழந்தை தாங்கக்கூடிய அளவில் தாய் சிறிது சிறிதாகத் தவறுவதும், அந்தத் தவறோடும் உறவு நிலைத்திருப்பதைக் குழந்தை அறிவதும் அதன் வளர்ச்சிக்குத் தேவை என்றார். தாய் தவறலாம் என்பதைப் பார்த்த குழந்தைக்குத்தான், தானும் தவறலாம் என்பது புரியும்.

அழிப்பானைப் பிடுங்கி வைக்காதீர்கள்; அது இன்னொரு கண்டிப்பாகிவிடும். இன்று மாலை மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மளிகைச் சாமான் பட்டியலைப் பேனாவால் எழுதுங்கள். எழுதும்போது ஓர் எழுத்து பிசகினால், அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் சரியாக எழுதி, ஒன்றும் சொல்லாமல் மேலே போங்கள். அவள் பார்ப்பாள். வீட்டுப்பாடத்தில் தவறினாலும் ஒற்றைக் கோடு போட்டு எழுத அனுமதிக்குமாறு வகுப்பாசிரியரிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நேற்று கிழித்த பக்கம் குப்பைக்கூடையில் இன்னும் இருந்தால், அதை எடுத்து நீவி, ஓட்டையோடேயே நோட்டுக்குள் வைத்துக் கொடுங்கள்.