ஆமை தண்ணீரில் குதித்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள்

கேள்வி: நண்பர்களோடு கேனோவில் ஆற்றோடு போனோம். ஆமைகளும் கொக்குகளும் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. புதருக்குள் ஏதாவது இருந்தால் வெளியே வரட்டும் என்று துடுப்பால் படகைத் தட்டியும் பார்த்தோம். விலங்குகளை நெருங்கிப் பார்க்க என்ன வழி?

பதில்: தட்டினீர்கள், அவை போய்விட்டன. சத்தம் கேட்டால் காட்டு விலங்கு வெளியே வந்து எட்டிப் பார்க்காது. இன்னும் உள்ளே போகும். படகின் மேல் விழும் அடி நேராகத் தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் போகும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல். இயந்திரச் சத்தம் இல்லாமல் ஆற்றில் போகலாம் என்பதுதான் கேனோவின் பெரிய வரம். அதை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்.

'ஆமைகளும் கொக்குகளும் தவிர' என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சாய்ந்த மரத்தில் வரிசையாக வெயில் காயும் ஆமைகள் உடல் சூட்டை ஏற்றிக்கொள்கின்றன. செரிமானத்துக்கே அவற்றுக்கு அந்தச் சூடு வேண்டும். உங்கள் படகைக் கண்டு அவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தால் அந்த வெயில் அவற்றுக்குப் போயிற்று. நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்பதற்கும் அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். எவ்வளவு தூரத்தில் ஆமைகள் அசையாமல் இருக்கின்றன என்று பாருங்கள். கொக்கு மீன் பார்ப்பதை நிறுத்திக் கழுத்தை நீட்டுகிறதா என்று பாருங்கள். இவற்றைக் கலைக்காமல் ஒரு வளைவைக் கடக்கத் தெரிந்தவர்தான் அடுத்த வளைவில் நீர்நாயைப் பார்ப்பார். கொக்கு அலறிப் பறந்தால் கரையில் இருக்கும் மற்ற எல்லாமே எச்சரிக்கையாகிவிடும்.

காற்றையும் கவனியுங்கள். பாலூட்டிகள் பெரும்பாலும் கண்ணைவிட மூக்கை நம்புகின்றன. வடக்கு நாடுகளின் ஆறுகளில் நீர்த்தாவரம் மேய நிற்கும் மூஸ் மானுக்குப் பார்வை சுமார்தான். மோப்பமும் செவியும் மிகக் கூர்மை. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்போது துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு நீரோட்டத்தோடு மிதந்து போனால் அது மேய்ச்சலைத் தொடரும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால், உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

விடியலும் அந்தியும்தான் நல்ல நேரம். வளைவின் வெளிப்பக்கத்தில் ஆறு அரித்த செங்குத்தான மண்சுவரில் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை தோண்டியிருக்கும். உட்பக்க மணலில் கால்தடங்களைத் தேடுங்கள். முழு விலங்கைத் தேடினால் கிடைக்காது. நிமிர்ந்து நிற்கும் நாணல்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு முதுகு, அசையும் ஒரு காது, தண்ணீர் மட்டத்தில் முதலையின் கண்ணும் மூக்கும், இவ்வளவுதான் முதலில் தெரியும். அருகில் போவதற்குப் பதில் பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். 7 அல்லது 8 மடங்கு பெருக்கம் போதும். அதற்கு மேல் போனால் ஆடும் படகில் படம் நிற்காது.

படகைத் தட்டுவது சரியாகும் இடமும் உண்டு. ஆப்பிரிக்காவின் ஜாம்பெசி ஆற்றில் கேனோ வழிகாட்டிகள் வேண்டுமென்றே படகைத் தட்டுவார்கள். மூழ்கியிருக்கும் நீர்யானை தலை தூக்கி இடத்தைக் காட்டட்டும், படகு வருவதும் அதற்குத் தெரியட்டும் என்பதற்காக. மிரண்ட நீர்யானை ஆழத்தை நோக்கி ஓடும். குறுக்கே படகு இருந்தால் கவிழ்த்துவிடும். அதனால் ஆழத்தை அதற்கு விட்டுவிட்டு அவர்கள் கரையோர ஆழமற்ற நீரில் போவார்கள். அந்தத் தட்டு உயிரைக் காக்க. புகைப்படத்துக்காகத் தட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இன்னும் இரண்டு. ஆற்றை நீந்திக் கடக்கும் மானைக் கண்டால் துடுப்பை நிறுத்திவிடுங்கள். அருகில் போனால் அது பாதியில் திரும்பி, களைத்து மூழ்கவும் கூடும். அடுத்தது, சாப்பிட உட்கார வசதியாகத் தெரியும் மணல்திட்டு. ஆலா போன்ற பறவைகள் அங்கே வெறும் மணலில் முட்டையிடும். முட்டையும் மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதித்த பிறகும் உங்களுக்குத் தெரியாது. தாய்ப்பறவை எழுந்து தலைக்கு மேல் கத்திச் சுற்றும் நேரம் முழுக்க முட்டைகள் சுடு வெயிலில் கிடக்கும். எந்த மாதங்களில் எந்தத் திட்டில் இறங்கக் கூடாது என்பதைப் படகு எடுப்பதற்கு முன்பே அந்த ஆற்றை அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.