கேள்வி-பதில்: பழைய பிக்கப்புக்கு மரத்தளம் வாங்கும் முன்னும் பின்னும்

கேள்வி: என்னிடம் இருப்பது 1955 செவ்ரோலெட் அரை டன் பிக்கப். ‘1955 செவிக்கு’ (செவ்ரோலெட்டைச் சுருக்கிச் ‘செவி’ என்பார்கள்) என்று போட்ட மரத்தள கிட் ஒன்று, அதாவது சாமான் ஏற்றும் பின்பெட்டியின் தளத்துக்கான பலகை, பட்டைத் தொகுப்பு, விற்பனைக்கு இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வருடத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதுவும் 1955 என்றால் கூடவே கூடாது. அந்த ஒரே ஆண்டில் செவ்ரோலெட் இரண்டு விதமான பிக்கப்பை விற்றது. 1947-இல் வந்த உருவம் 1955 தொடக்கம் வரை ஓடியது. மார்ச்சில் முற்றிலும் புதிய வண்டி வந்தது. முன்கண்ணாடி ஓரத்தில் வளைந்து கதவுப் பக்கம் திரும்பியிருந்தால் உங்களுடையது பிந்தையது. முந்தையதை ஃபர்ஸ்ட் சீரீஸ் என்றும் பிந்தையதைச் செகண்ட் சீரீஸ் என்றும் சொல்வார்கள். கிட் ஃபர்ஸ்ட் சீரீஸுக்கா, செகண்ட் சீரீஸுக்கா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே புரியாத கடைக்காரரிடம் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

சீரீஸ் பொருந்தினாலும் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். இத்தனை வருடத்தில் யாராவது பாடியை, அதாவது பின்பெட்டியை, மாற்றியிருக்கலாம், குறுக்குச் சட்டத்தை நகர்த்தி வெல்டு வைத்திருக்கலாம். முன்தகட்டிலிருந்து பின்சட்டம் வரை உள்நீளம், முன்-நடு-பின் என மூன்று இடத்தில் அகலம், பலகைகளுக்கு நடுவே ஓடும் உலோகப் பட்டைகள் எத்தனை, அவற்றில் துளைக்குத் துளை எவ்வளவு தூரம், இவ்வளவும் தாளில் வேண்டும். பழைய பலகை மக்கியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். சேசிஸ் போல்ட் எங்கே இறங்குகிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும். பல கிட்களில் அந்தத் துளைகள் போட்டு வருவதில்லை.

கேள்வி: வெள்ளை ஓக்குக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். தேவைதானா?

பதில்: வண்டி மழையில் நிற்குமென்றால் தேவைதான். சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தே இருக்கும். சிறு துண்டை எடுத்து ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதிப் பாருங்கள், குமிழி வரும். காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும். வெள்ளை ஓக்கின் வைரப்பகுதியில் அந்தக் குழாய்கள் அடைபட்டிருக்கும். ஆஷ் உறுதியான மரம், ஆனால் ஈரம் பட்டால் சீக்கிரம் மக்கும். கொட்டகையில் நின்று எப்போதாவது வெளியே வரும் வண்டிக்குச் சிவப்பு ஓக் போதும். பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் மஞ்சள் பைனே போதும். கண்ணாடிபோல மின்னும் ஓக் தளம் இன்றைய ரசனை. அந்தக் காலத்தில் இவை மூட்டை ஏற்றிய வண்டிகள், பலகைக்குப் பெரும்பாலும் பெயிண்ட்தான்.

மக்காமல் இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகை மலிவாகக் கிடைக்கும். அது வேண்டாம். அந்தச் செம்பு சாதா இரும்பையும் அலுமினியத்தையும் அரித்துவிடும்.

கேள்வி: வந்த பலகைகளில் இரண்டு வளைந்திருக்கின்றன. திருப்பி அனுப்பவா?

பதில்: எந்த வளைவு என்பதைப் பொறுத்தது. சமமான மேசையில் வையுங்கள். நீளவாக்கில் வில்போல மேலே எழும்பியிருந்தால் போல்ட் முறுக்கும்போது படிந்துவிடும். முறுக்கிக்கொண்டு ஒரு மூலை மட்டும் தூக்கினாலோ, அகலவாக்கில் கிண்ணம்போல் குழிந்திருந்தாலோ திருப்புங்கள். முறுக்கிப் படிய வைத்தால் பிளக்கும். துளை போட்ட பிறகோ வார்னிஷ் அடித்த பிறகோ திரும்ப எடுக்கச் சொல்லி வாதாடுவது கடினம் என்பதால் சோதனை முதல் நாளே முடியட்டும்.

கேள்வி: பலகைகளை நெருக்கி ஒட்டிவிட்டால் தண்ணீர் இறங்காதே?

பதில்: இந்த ஒரு தவறுதான் அதிகமான தளங்களைக் கெடுக்கிறது. சாதாரணமாக அறுத்த ஓக் பலகை 150 மி.மீ. அகலம் என்றால், அதன் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 12-க்கு ஏறும்போது சுமார் 2 மி.மீ. அகலும். எட்டுப் பலகைக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். ஒட்டியிருந்தால் அந்த அகலம் எங்கே போகும்? நடுவில் கூடாரம்போல் எழும்பும், இல்லாவிட்டால் பக்கத் தகட்டை வெளியே தள்ளும். அதனால்தான் பலகையின் ஓரத்தில் காடி வெட்டி, இரண்டு பலகைக்கு நடுவே சந்து விட்டு, மேலே பட்டை மூடுகிறது. பட்டையைப் பிடிக்கும் போல்ட் இறங்குவதும் அந்தச் சந்தில்தான். போல்ட் 5/16 அங்குலம், ஏறக்குறைய 8 மி.மீ. சந்து 10 மி.மீ. என்றால் வீங்குவதற்குக் கிடைப்பது அந்த 2 மி.மீ.தான். வறண்ட காலத்தில் பொருத்தினால் சந்தை முழுதாக விடுங்கள்.

கேள்வி: பொருத்தும் வரிசை என்ன?

பதில்: முதலில் பாடி மூலைமட்டமாக இருக்கிறதா பாருங்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சேசிஸுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையிலான கட்டைகளோ ரப்பரோ எல்லா இடத்திலும் இருக்கட்டும். ஒன்று விடுபட்டால் போல்ட் முறுக்கும்போது தளம் அங்கே பள்ளமாகும். பிறகு எல்லாப் பலகையையும் பட்டையோடு சும்மா அடுக்கிப் பாருங்கள். அகலம் மிஞ்சினால் இரு ஓரப் பலகைகளிலும் சமமாக அறுங்கள். சேசிஸ் துளைகளைக் கீழிருந்து குறியிட்டு, மெல்லிய டிரில்லால் துளைத்து, மேலிருந்து அகலப்படுத்துங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே கழற்றி வார்னிஷ். மேல்பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை குழியும். ஆறு முகமும், துளைகளின் உட்சுவரும் நனைய வேண்டும். வெட்டுமுனைகளுக்கு இரண்டு கோட் கூடுதல். வீட்டுத் தரைக்கான பாலியூரித்தேன் வெயிலில் உரியும், படகுக்கான வார்னிஷ் வாங்குங்கள். முதல் கோட்டை நீர்க்கக் கலந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே உப்புத்தாள் போட்டு, நான்கிலிருந்து ஆறு கோட்.

கடைசிப் பொருத்தலில் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்குங்கள். வாஷர் சுற்றுவது நின்றபின் கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் போல்ட் தலை இருக்கும் இடமெல்லாம் பட்டை குழிந்து அலை அலையாகத் தெரியும், அதை நிமிர்த்த முடியாது. ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள்.

கேள்வி: சாதா இரும்பு போல்ட் மலிவு. ஸ்டெயின்லெஸ் அவசியமா?

பதில்: ஓக் என்றால் அவசியம். ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் மரத்தில் மை கொட்டியதுபோல் கறுப்புக் கறை படியும். ஆனால் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன்னால் ஏற்றாதீர்கள். மரை சூடேறிக் கடித்துக்கொள்ளும், பிறகு முன்னேயும் போகாது பின்னேயும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரை கடிக்காமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையை மரையில் தடவி, சாதாரண ஸ்பேனரால் மெதுவாக முறுக்குங்கள். பட்டையின் மேல் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளைக் கடைசி நட்டு ஏறும்வரை உரிக்காதீர்கள்.